விற்ற காரில் கை வைக்கலாமா?

ஒருவர் தன் வீட்டை விற்கிறார். பணத்தை எண்ணி வாங்கிக்கொள்கிறார். பத்திரம் பதிவாகிறது. ஆனால், சாவிக் கொத்தில் ஒரு சாவியை மட்டும் அவர் கொடுக்கவில்லை.

ஓர் இரவு, வாங்கியவர் தூங்கும்போது, விற்றவர் அந்தச் சாவியைப் போட்டு உள்ளே வருகிறார். பரணை இடித்துவிட்டுப் போகிறார். காலையில் கேட்டால், "உங்கள் நன்மைக்குத்தான் செய்தேன்" என்கிறார்.

இதை யாராவது ஒப்புக்கொள்வார்களா? ஊரே திரண்டு வந்து நியாயம் கேட்கும்.

மின்சாரக் கார் வாங்கிய சிலருக்கு இப்படித்தான் நடந்தது. அவர்களும் நியாயம் கேட்டார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள்.

காருக்குள் கம்ப்யூட்டர்

பழைய காரில் ஒரு பாகத்தை மாற்ற வேண்டுமானால், பட்டறைக்குப் போக வேண்டும். மெக்கானிக் ஸ்பானரை எடுப்பார். சொந்தக்காரர் பக்கத்தில் நிற்பார். எதைக் கழற்றினார்கள், எதை மாட்டினார்கள் என்று கண்ணால் பார்ப்பார்.

மின்சாரக் கார் அப்படி அல்ல. பாட்டரியில் எவ்வளவு மின்சாரம் ஏற்றலாம், மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றலாம் என்பதை எல்லாம் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்தான் கவனிக்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுத்த கட்டளைகளுக்கு மென்பொருள் என்று பெயர்.

கார் இன்டர்நெட்டோடு இணைந்திருக்கிறது. ஆகவே, கம்பெனி இருந்த இடத்தில் இருந்தே பழைய கட்டளையை அழித்துவிட்டுப் புதிய கட்டளையை அனுப்பலாம். செல்போனில் வருவதுபோலக் காரிலும் வரும். இதைத்தான் "அப்டேட்" என்கிறார்கள்.

அமெரிக்காவைச் சேர்ந்த டெஸ்லா கம்பெனி, 2012-ம் ஆண்டு "மாடல் எஸ்" என்ற மின்சாரக் காரை விற்கத் தொடங்கியது. இந்த முறையை உலகம் அறியச் செய்தது அந்தக் கார்தான். இப்போது பல கம்பெனிகள் இப்படிச் செய்கின்றன.

நன்மையும் உண்டு

இந்த முறையால் தீமை மட்டும்தான் என்று சொல்லக் கூடாது. நன்மையும் உண்டு.

2018-ம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் "கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்" என்ற பத்திரிகை டெஸ்லாவின் "மாடல் 3" காரைச் சோதித்தது. மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது பிரேக் போட்டால், கார் நிற்க 152 அடி பிடித்தது. இது அதிகம் என்று அந்தப் பத்திரிகை குறை சொன்னது. சில நாட்களில் கம்பெனி ஓர் அப்டேட் அனுப்பியது. மறுபடியும் சோதித்தார்கள். ஏறக்குறைய 20 அடி குறைந்திருந்தது! ஒரு காரும் பட்டறைக்குப் போகவில்லை.

20 அடி என்பது சின்னச் சங்கதி அல்ல. சாலையைக் கடக்கும் ஒரு குழந்தையின் உயிர் அந்த 20 அடியில் இருக்கிறது.

2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம், தானாக ஓட்ட உதவும் கருவியில் ஓட்டுபவரின் கவனம் சிதறாமல் இருக்கப் போதிய காவல் இல்லை என்று, அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் அதிகமான டெஸ்லா கார்களைத் திருத்த வேண்டி வந்தது. அதுவும் அப்டேட் மூலமே நடந்தது. அத்தனை கார்களையும் பட்டறைக்கு வரச் சொல்லி இருந்தால் எத்தனை மாதம் ஆகும்!

ஆகவே, அப்டேட் வேண்டாம் என்று சொல்வது அறிவுடைமை ஆகாது. எப்படி அனுப்புகிறார்கள், யாரைக் கேட்டு அனுப்புகிறார்கள் என்பதுதான் கேள்வி.

குறைந்துபோன ஓட்டம்

2019-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், சீனாவில் ஷாங்காய் நகரில், நிறுத்தி வைத்திருந்த ஒரு டெஸ்லா கார் தீப்பிடித்தது. மே மாதம் ஹாங்காங்கிலும் ஒரு கார் தீப்பிடித்தது. அதன் பிறகு கம்பெனி ஓர் அப்டேட் அனுப்பியது. பாட்டரியைப் பாதுகாக்கவும், அது நீண்ட நாள் உழைக்கவும் முன்னெச்சரிக்கையாகச் செய்வதாகக் கூறியது.

அப்டேட் வந்த பிறகு, பழைய "மாடல் எஸ்" கார்களை வைத்திருந்த சிலர் திகைத்தார்கள். முன்போல் கார் தூரம் ஓடவில்லை. பாட்டரியை முழுவதும் நிரப்பினாலும் பழைய அளவு வரவில்லை.

ஒரு குடத்தை விலை கொடுத்து வாங்கினார்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால், அதில் முக்கால் குடத்துக்குச் சற்று மேல்தான் தண்ணீர் நிற்கிறது! குடத்தில் ஓட்டை இல்லை. யாரோ உள்ளே கோடு போட்டுவிட்டார்கள். அப்படித்தான் இருந்தது அவர்கள் நிலைமை.

மின்சாரக் காரில் பாட்டரிக்குத்தான் விலை அதிகம். பெரிய பாட்டரி வேண்டும் என்று கூடுதலாகப் பணம் கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள். பணம் கொடுத்து வாங்கிய ஓட்டம் ஓர் இரவில் குறைந்தால், மனம் கொதிக்காதா?

2019-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்கக் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். 2021-ம் ஆண்டு ஜூலை மாதம் சமரசம் ஏற்பட்டது. மொத்தம் 15 லட்சம் டாலர் கொடுக்கக் கம்பெனி இசைந்தது. 1743 கார்களின் சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கு 625 டாலர் என்று கணக்கிட்டார்கள்.

பாட்டரியின் உச்ச வோல்டேஜ் சுமார் 3 மாதம் 10 சதவீதமும், பிறகு 7 மாதம் சுமார் 7 சதவீதமும் குறைக்கப்பட்டிருந்தது என்று அந்தச் சமரசத்தில் தெரியவந்தது. 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் வந்த இன்னோர் அப்டேட்தான் இதைச் சரிசெய்யத் தொடங்கியது. சமரசம் ஏற்பட்டபோது 1552 கார்களில் பழைய அளவு திரும்பி இருந்தது. 57 கார்களுக்குப் பாட்டரியையே மாற்றினார்கள்.

நார்வே நாட்டிலும் இதே புகார் எழுந்தது. அந்த நாட்டில் மின்சாரக் கார்கள் மிக அதிகம். 2024-ம் ஆண்டு அங்கே விற்ற 10 புதுக் கார்களில் ஏறக்குறைய 9 கார்கள் மின்சாரக் கார்கள்! ஓட்டம் குறைந்தது, மின்சாரம் ஏறும் வேகமும் குறைந்தது என்று சுமார் 30 பேர் அங்குள்ள சமரச மன்றத்துக்குப் போனார்கள். கம்பெனி பதில் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் 1,36,000 குரோனர் கொடுக்க வேண்டும் என்று 2021-ம் ஆண்டு மன்றம் கூறியது. அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகக் கம்பெனிக்கு வழி இருந்தது. ஆனாலும், சாதாரண மக்கள் கேட்டதில் நியாயம் உண்டு என்று ஒரு மன்றம் சொல்லிவிட்டது.

கொடுக்கும் கை, எடுக்கும் கை

2017-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தை "இர்மா" என்ற புயல் தாக்க வந்தது. மக்கள் ஊரைவிட்டுத் தப்பி ஓடினார்கள். விலை குறைந்த டெஸ்லா கார் வைத்திருந்தவர்களின் கார், திடீர் என்று சுமார் 30 மைல் கூடுதலாக ஓடத் தொடங்கியது!

இது எப்படி? அந்தக் கார்களில் முதலில் இருந்தே பெரிய பாட்டரிதான் இருந்தது. குறைந்த விலைக்கு விற்றதால், ஒரு பகுதியை மென்பொருளால் பூட்டி வைத்திருந்தார்கள். புயல் வந்ததும் பூட்டைத் திறந்துவிட்டார்கள். சில நாட்களுக்குப் பிறகு மறுபடியும் பூட்டினார்கள்.

ஆபத்தில் உதவியது பாராட்ட வேண்டிய செயல். ஆனால், அதில் ஒரு பாடமும் இருக்கிறது. ஓட்டத்தைக் கூட்டும் அதிகாரமும் குறைக்கும் அதிகாரமும் ஒரே கையில் இருக்கின்றன. அந்தக் கை, சொந்தக்காரருடைய கை அல்ல.

நடுத்தெருவில் நின்ற கார்

அப்டேட்டில் பிசகு நேர்ந்தால் என்ன ஆகும்?

2019-ம் ஆண்டு ஜனவரி மாதம், சீனாவின் தலைநகரான பெய்ஜிங்கில், சாங்கான் பெருவீதியில் "நியோ" என்ற மின்சாரக் கார் போக்குவரத்து நெரிசலில் நின்றது. உள்ளே இருந்தவரின் கை தவறிப் பட்டு, அப்டேட் தொடங்கிவிட்டது. அவ்வளவுதான்! கார் அசையவில்லை. கண்ணாடியைக்கூட இறக்க முடியவில்லை. போலீசார் வந்தார்கள். அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் நடுவீதியில் நின்றது.

2023-ம் ஆண்டு நவம்பர் மாதம், அமெரிக்காவின் "ரிவியன்" கம்பெனி தவறான மென்பொருளை அனுப்பிவிட்டது. அந்தக் கம்பெனி விற்ற கார்களில் 3 சதவீதக் கார்களில் திரை இருண்டுபோனது. என்ன வேகத்தில் போகிறோம் என்பதுகூடத் தெரியவில்லை. தவறு தன்னுடையது என்று கம்பெனி ஒப்புக்கொண்டது.

2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம், மின்சாரத்திலும் பெட்ரோலிலும் ஓடும் சில ஜீப்புகள், அப்டேட் வந்த பிறகு, ஓடிக்கொண்டிருந்தபோதே விசை இழந்தன. வேகமாகப் போகும் பெருஞ்சாலையில் இப்படி நின்றால், பின்னால் வரும் லாரிக்கு யார் சொல்வது?

பெயரளவுக்குச் சம்மதம்

"கட்டாயம் எதுவும் இல்லை. சொந்தக்காரர் பொத்தானை அழுத்தினால்தான் அப்டேட் ஏறும்" என்று கம்பெனிகள் சொல்வது உண்டு.

டெஸ்லா காரின் கையேடு என்ன சொல்கிறது? அப்டேட்டைப் போடாமல் விட்டால், சில வசதிகள் கிடைக்காமல் போகலாம் என்கிறது. ஒரு முறை போட்டுவிட்டால், பழைய மென்பொருளுக்குத் திரும்ப முடியாது என்கிறது.

போடாவிட்டால் நஷ்டம். போட்டால் திரும்ப வழி இல்லை. பாட்டரியின் அளவு குறையும் என்று முன்கூட்டிச் சொல்வதும் இல்லை. இதற்குப் பெயர் சம்மதமா? பெயரளவுக்குத்தான் சம்மதம். நடப்பது கட்டாயம்தான்.

இப்படியும் செய்யலாம்

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் "போல்ட்" என்ற மின்சாரக் காரிலும் பாட்டரி தீப்பிடிக்கும் ஆபத்து தெரிந்தது. 2020-ம் ஆண்டு நவம்பர் மாதம் கம்பெனி அதை வெளிப்படையாக அறிவித்தது. பாட்டரியில் 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் மென்பொருளை மாற்றியது. ஏன் குறைக்கிறோம் என்று சொல்லிவிட்டுக் குறைத்தது.

அது போதவில்லை. அப்படித் திருத்திய கார்களிலும் தீப்பிடித்தது. பாட்டரி செய்யும்போதே பழுது ஏற்பட்டிருந்ததுதான் காரணம். கடைசியில், 2021-ம் ஆண்டு எல்லாப் போல்ட் கார்களையும் திரும்ப அழைத்துப் பாட்டரியை மாற்றித் தருவதாகக் கம்பெனி அறிவித்தது.

இதில் இரண்டு உண்மைகள் தெரிகின்றன. ஆபத்தை மறைக்காமல் சொன்னால், மக்கள் ஒத்துழைப்பார்கள். இரண்டாவது, பழுதான பொருளை மென்பொருளால் மூடி மறைக்க முடியாது. பொருளையே மாற்றித் தரவேண்டும்.

சட்டம் வேண்டும்

ஐக்கிய நாடுகள் அமைப்பில் மோட்டார் வாகன விதிகளை வகுக்கும் மன்றம், 2020-ம் ஆண்டு 156-வது விதியைக் கொண்டுவந்தது. அப்டேட் எதற்காக, எவ்வளவு நேரம் ஆகும், எந்த வசதி மாறும் என்பதைச் சொந்தக்காரருக்கு முன்னதாகச் சொல்ல வேண்டும். ஆபத்து நேரக்கூடிய அப்டேட் என்றால், கார் பத்திரமான நிலையில் இருக்கும்போதுதான் ஏற்ற வேண்டும். அப்டேட் பாதியில் கெட்டால், கார் பழைய நிலைக்கோ பத்திரமான நிலைக்கோ வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-ம் ஆண்டு ஜூலை முதல் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயம்.

நல்ல விதி. ஆனால், இது போதாது. முன்னால் சொல்வது வேறு, கேட்பது வேறு.

உயிரைக் காக்கும் திருத்தம் என்றால், அதைத் தனியாக அனுப்ப வேண்டும். அதை அரசாங்கம் பார்த்துக் கட்டாயம் ஆக்கட்டும். மற்ற மாற்றங்களைச் சொந்தக்காரர் விரும்பினால் மட்டும் ஏற்ற வேண்டும். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பக் கூடாது. பிடிக்காத மாற்றத்தை நீக்கிப் பழையபடி வைத்துக்கொள்ளவும் வழி வேண்டும். விற்கும்போது சொன்ன ஓட்டத்தைக் குறைத்தால், பாட்டரியை மாற்றித் தரவேண்டும். அல்லது பணத்தைத் தரவேண்டும். அதற்காக மக்கள் இரண்டு ஆண்டு கோர்ட்டுப் படி ஏறும் நிலைமை கூடாது.

இது தூர தேசத்துச் சங்கதி மட்டும் அல்ல. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் செய்யும் மின்சார ஸ்கூட்டர்களுக்கும் இப்படி அப்டேட் வருகிறது.

அப்டேட் செய்தி வந்தால், அவசரத்தில் பொத்தானை அழுத்தக் கூடாது. என்ன மாறுகிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால், தெரிந்தவரைப் படிக்கச் சொல்ல வேண்டும். வண்டி வீட்டில் நிற்கும்போது, வெளியே போகும் வேலை இல்லாத நேரத்தில் ஏற்ற வேண்டும். பாட்டரி நிறைந்திருக்கும்போது எத்தனை கிலோ மீட்டர் காட்டுகிறது என்று, அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. பிற்பாடு நியாயம் கேட்க அந்தக் குறிப்பு உதவும்.

பாதுகாப்புக்கான திருத்தத்தை மட்டும் தள்ளிப் போடக் கூடாது. அது வண்டியில் போகிறவர்களின் உயிர். எதிரே வருகிறவர்களின் உயிரும்கூட.

விற்ற பொருளைத் திருத்திக் கொடுப்பது கம்பெனியின் கடமை. கேட்டுவிட்டுத் திருத்துவதும் அதே கடமையில் சேர்ந்ததுதான்.