கறுவாத் தைலம்: ஒரு மரம், மூன்று தைலம்

பள்ளிவாசல்துறை முதலிய கற்பிட்டிக் கரையூர்களில் இறைச்சி ஆணம் கொதிக்கும்போது கறுவாப்பட்டையின் வாசம் அடுத்த வளவுக்கும் எட்டிவிடும். வரண்ட இம்மணற்பாங்கில் கறுவா விளைவதில்லை. அது தென்மேற்குப் பகுதியின் மழைநாட்டுப் பயிர். ஆயினும் பழைய உறவொன்று உண்டு. கறுவா வாணிபத்தைத் தம் தனியுரிமையாக வைத்திருந்த ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டை கற்பிட்டியில் இன்றும் நிற்கின்றது.

நாம் இன்று பேசப் புகுவது பட்டையைப் பற்றியன்று, தைலத்தைப் பற்றி. பிரான்சு தேசத்து இரசாயன அறிஞர் கட்டபோசே 1937இல் வெளியிட்ட நூல் 'வாசனைச் சிகிச்சை' என்னும் பெயரைப் பரப்பிற்று. அப்பெயரில் இப்போது சிறு குப்பிகள் பல வீடுகளிற் புகுந்துள்ளன. குப்பியில் 'கறுவாத் தைலம்' என்று மாத்திரம் எழுதியிருப்பின் அதனை வாங்க வேண்டா என்பதே நமது கருத்து. ஏனெனில், ஒரே மரம் மூன்று வேறு தைலங்களைத் தருகின்றது.

இலையை வாலையிலிட்டு நீராவியால் வடித்தால் வருவதிற் பெரும்பங்கு யூஜினோல். கராம்பின் மணத்துக்கும் அதுவே காரணம். இலைத் தைலத்தை முகர்ந்தவர் கராம்போ என ஐயுறுவர். பட்டைத் தைலத்தில் மிகுந்திருப்பது சினமல்டிகைட். நாமறிந்த கறுவா வாசம் அதனுடையது. வேர்ப்பட்டையோ கற்பூரத்தைத் தருகின்றது! பட்டை உரித்தபின் எஞ்சும் இலையிலிருந்து பெறுவதால் இலைத் தைலம் மலிவு. அதனை விலைகூடிய பட்டைத் தைலத்திற் கலந்து விற்போரும் உளர். மாணவர்க்கு ஒரு புதுமை: பெரும்பாலான வாசனைத் தைலங்கள் நீரில் மிதக்கும், இலைத் தைலமோ அமிழும்.

யூஜினோல் கிருமிகளை ஒடுக்கும்; வலியை மரக்கச் செய்யும். பல் வைத்தியர் அதனை நாக ஒட்சைட்டுடன் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைப்பர். வீட்டில், கொதிநீரில் இரண்டு துளி விட்டு அறை மூலையில் வைத்தால் மீன் வாடை மறையும். அதனால் நோய் தீருமென்று எதிர்பார்த்தல் வேண்டா.

தோலிற் பூசுவதாயின் இலைத் தைலமே ஏற்றது. அதுவும் 100 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயில் 10 துளிக்கு மேற்படலாகாது. பட்டைத் தைலம் தோலைப் பொசுக்கும். நீங்காத ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடும். கருவுற்ற தாய்மாரும், குருதி உறையாதிருக்க மருந்துண்போரும் இரண்டையுமே விலக்குக.

குழந்தைகள் உள்ள வீட்டில் நமது அச்சம் இன்னும் பெரிது. 5 முதல் 10 மில்லிலீற்றர் வரை, அதாவது இரண்டு தேக்கரண்டிக்கு மேற்படாத கராம்புத் தைலத்தைக் குடித்த 2 வயதுக் குழந்தையொன்று நினைவிழந்து, ஈரலும் பழுதுற்று, அரிதில் உயிர் பிழைத்த செய்தி 1993இல் மருத்துவ ஏடொன்றில் வெளிவந்தது. அதே யூஜினோல்தான் கறுவா இலைத் தைலத்திலும் உள்ளது. குப்பியைப் பூட்டி வையுங்கள். தவறிக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாது, குப்பியையும் கையிலெடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரையுங்கள்.