திருச்செந்தூரில் சூதாட எங்கே போவது?

லீவு கிடைத்தால் பணக்காரர்கள் கோவாவுக்குப் போகிறார்கள். அங்கே பணஜி நகரத்தின் ஓரமாக ஓடும் மாண்டவி ஆற்றில் நங்கூரம் பாய்ச்சிய கப்பல்களில் இராப்பகலாகச் சக்கரம் சுழலுகிறது, சீட்டு விழுகிறது. இன்னும் வசதி உள்ளவர்கள் கொழும்புக்கும் காட்மாண்டுவுக்கும் பறக்கிறார்கள். மில் தொழிலாளிக்கும் வயல் கூலிக்காரனுக்கும் இரண்டு நாள் ஓய்வு கிடைத்தால் குடும்பத்தோடு திருச்செந்தூர். கடலில் ஒரு முழுக்கு, நாழிக்கிணற்றில் ஒரு குளியல், கைப்பிள்ளைக்கு மொட்டை, பெரிய பிள்ளைக்கு ஒரு ஊதல், உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ. அதோடு லீவு முடிந்தது.

இந்த ஊரில் வந்து “சூதாட எங்கே போக வேண்டும்?” என்று யாராவது கேட்டால் ஜனங்கள் சிரிப்பார்கள். முருகன் சந்நிதியில் சூதாட்டமா என்பார்கள். நாம் சிரிக்கவில்லை. எங்கேயும் போக வேண்டியதில்லை, அதுவே தேடி வரும் என்பதுதான் உண்மையான பதில். கூட்டத்தின் ஓரத்தில் அது துணி விரித்து உட்கார்ந்திருக்கும். தேரிக்காட்டில் உடைமர நிழலில் இருக்கும். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரனின் உள்ளங்கையில் இருக்கும்.

முதலில் துணி விரித்தவனைப் பார்ப்போம். மாசித் திருவிழாவானாலும் சரி, சூரசம்ஹாரமானாலும் சரி, எந்த ஊர்க் கொடையானாலும் சரி, கூட்டம் சேருகிற இடத்தில் லங்கர் கட்டைக்காரன் ஒருவன் முளைத்துவிடுவான். ஆறு கட்டம் போட்ட துணி. கிரீடம், நங்கூரம், ஆர்ட்டின், டைமண்ட், இஸ்பேட், கிளாவர் என்று ஆறு படம். அதே ஆறு படங்கள் போட்ட மூன்று கட்டைகள். லங்கர் என்றாலே நங்கூரம்தான். வெள்ளைக்கார மாலுமிகள் கப்பல் தளத்தில் ஆடிய ஆட்டம் இது. ஏகாதிபத்தியம் போய்விட்டது, கட்டையை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

கட்டைக்காரன் ஏமாற்றுக்காரன், கட்டைக்குள் ஈயம் வைத்திருப்பான் என்று பலர் சொல்லுகிறார்கள். வைத்திருக்கலாம். ஆனால் அது தேவையே இல்லை என்பதைத் தோழர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆறு பேர் ஆறு படங்களிலும் ஆளுக்குப் பத்து ரூபாய் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். துணியில் 60 ரூபாய். மூன்று கட்டையும் மூன்று வேறு படங்களைக் காட்டினால் மூன்று பேருக்கு ஆளுக்கு 20 ரூபாய். அறுபதும் போய்விட்டது. கட்டைக்காரனுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இரண்டு கட்டை ஒரே படம் காட்டினால் அந்தப் படத்துக்காரனுக்கு 30, மற்றொருவனுக்கு 20. கட்டைக்காரன் மடியில் 10. மூன்றும் ஒரே படமென்றால் ஒருவனுக்கு 40 ரூபாய் கிடைக்கும், கூட்டம் ஆரவாரம் செய்யும். அந்த ஆரவாரத்தில் கட்டைக்காரன் 20 ரூபாயைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளுவான். எப்படி உருண்டாலும் அவனுக்கு நஷ்டம் என்பதே கிடையாது! மூன்று கட்டைகள் 216 விதமாக விழலாம். அதில் 120 விதத்தில் அவனுக்கு ஒன்றுமில்லை, 90 விதத்தில் பத்து ரூபாய், 6 விதத்தில் இருபது ரூபாய். கூட்டிக் கழித்தால் துணியில் விழும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறக்குறைய எட்டு ரூபாய் அவனுக்கு. இது நாணயமான கட்டையின் கணக்கு. ஒரு ரூபாய் திரும்பத் திரும்பத் துணிக்கு வருகிறது. ஒவ்வொரு தடவையும் எட்டில் கழிகிறது. விடிகிற நேரத்தில் மடி காலி.

கோவாக் கப்பலின் சக்கரமும் இதே ஜாதிதான். அதில் 37 குழிகள். ஜெயித்தவனுக்கு 36 குழிதான் என்பதுபோலப் பணம் கொடுப்பார்கள். கம்பளம் விரித்து, விளக்குப் போட்டு, கோட்டுப் போட்ட ஆளை நிறுத்தினால் கணக்கு மாறிவிடுமா?

கணக்கு ஒன்றாக இருக்கிறது. சட்டம்தான் ஒன்றாக இல்லை. 1930-ம் வருஷத்து சூதாட்டச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணத்துக்குப் போட்டது. அந்தச் சட்டத்தின்படிதான் உடைமரத்தடியில் மங்காத்தா ஆடிய நாலு கூலிக்காரர்களைப் போலீஸ் பிடிக்கிறது. வைத்திருந்த சில்லறையையும் சீட்டுக்கட்டையும் பறிமுதல் செய்கிறது. மறுநாள் பத்திரிகையிலும் போடுகிறார்கள். அதே சட்டத்தில் திறமையால் ஆடும் ஆட்டத்துக்கு விலக்கு உண்டு. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று சுப்ரீம் கோர்ட் 1967-ல் ஓர் ஆந்திர வழக்கில் சொன்னது. ஆகவே மனமகிழ் மன்றத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஆடுகிறவருக்குத் திறமை, மரத்தடியில் ஆடுகிறவனுக்குச் சூது.

கிண்டிக் குதிரைப் பந்தயம் என்ன ஆயிற்று? 1974-ல் தமிழ்நாடு சர்க்கார் அதை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. சீமான்கள் வழக்குப் போட்டார்கள். 1996-ல் சுப்ரீம் கோர்ட் பந்தயம் திறமை என்று தீர்ப்புச் சொன்னது. திறமை குதிரைக்கா, பணம் கட்டுகிறவனுக்கா என்று கேட்காதீர்கள். அந்தப் பந்தயக் கிளப்புக்கு 1945-ல் சென்னையின் நடுவே 160 ஏக்கர் நிலத்தை 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார்கள். வாடகை வருஷத்துக்கு 614 ரூபாய்ச் சொச்சம். குடிசைமாற்று வீட்டுக்கு மாதத் தவணை பாக்கி என்றால் நோட்டீஸ் ஒட்டுகிற சர்க்கார், 2024 செப்டம்பரில்தான் இந்தக் குத்தகையை ரத்துச் செய்தது. செய்ததை வரவேற்கிறோம்.

“ஊருக்கு ஒரு சூதாட்ட மாளிகை இருந்தால் டூரிஸ்டுகள் வருவார்கள், வேலை கிடைக்கும், வரி வரும்” என்று பேசுகிற கனவான்கள் உண்டு. அவர்களுக்குக் கோவாவே பதில். 1976-ல் அங்கே சூதாட்டத் தடைச் சட்டம் போட்டார்கள். 1992-ல் அதைத் திருத்தி ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் சூதாட்ட இயந்திரங்களுக்கு இடம் கொடுத்தார்கள். 1996-ல் கப்பல்களுக்கும் கொடுத்தார்கள். கடைசியில் 2020 பிப்ரவரி முதல் கோவாக்காரர்கள் அந்த இடங்களுக்குள் ஆடப் போகக்கூடாது என்று அந்த சர்க்காரே தடை போட்டது! நேபாளத்திலும் நேபாளிகள் காசினோவில் ஆடக்கூடாது. தன் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டாத பண்டத்தை விருந்தாளிக்கு விற்கிறார்கள் என்றால் அது என்ன பண்டம் என்று விற்கிறவனுக்கே தெரிந்திருக்கிறது.

ஆனால் கப்பல் தேடிப் போவதெல்லாம் பழைய கதை ஆகிவிட்டது. சட்டைப்பைக்குள்ளேயே கப்பலை இறக்கிவிட்டார்கள். முன்பெல்லாம் சூதாடப் போகிறவன் ஒளிந்து போவான், நாலு பேர் பார்ப்பார்கள், பெண்டாட்டிக்குச் செய்தி போகும். போனில் ஆடுகிறவன் பாயில் படுத்துக்கொண்டு, பெண்டாட்டி பக்கத்தில் தூங்கும்போதே ஆடுகிறான். முதல் நாள் கம்பெனியே காசு கொடுத்து ஆடச் சொல்லும். இரண்டாம் மாதம் சம்பளம் போகும், மூன்றாம் மாதம் குழுக்கடன் போகும். பீடி சுற்றி அந்தக் கடனை அடைக்கிறவள் யார் என்று முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் கேட்டுப் பாருங்கள்.

இதைத் தடுக்க எத்தனை இழுபறி! 2021-ல் போட்ட சட்டத்தை அந்த வருஷம் ஆகஸ்டில் ஹைகோர்ட் ரத்துச் செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022 அக்டோபரில் சட்டசபை மறுபடி மசோதா நிறைவேற்றியது. கவர்னர் ரவி அதை நாலு மாதத்துக்கு மேல் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டசபை இரண்டாம் தடவை நிறைவேற்றியபின் ஏப்ரலில் கையெழுத்துப் போட்டார். ஆன்லைன் ஆட்டத்தில் பணம் தோற்று உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் என்று மாநில சர்க்காரே அப்போது சொன்னது. பிறகும் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2023 நவம்பரில் ஹைகோர்ட் சட்டத்தை ஒப்புக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் கழற்றி விட்டது. எதைத் தடுக்கச் சட்டம் வந்ததோ அதைத் தவிர மற்றதெல்லாம் தடை! 2025 ஆகஸ்டில்தான் பார்லிமெண்ட், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் செய்தது. ஜனங்கள் வருஷத்துக்கு இருபதாயிரம் கோடி ரூபாய் தோற்றார்கள் என்று மத்திய சர்க்கார் அப்போது மதிப்பிட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2023 அக்டோபரிலிருந்து, இதே ஆட்டத்தில் கட்டும் பணத்துக்கு 28 சதவிகிதம் வரி வாங்கியதும் இதே சர்க்கார்தான்.

இனி லாட்டரிக்கு வருவோம். இங்கேதான் நம்மிடம் கேள்வி கேட்கிறார்கள். குரும்பூர்ப் பக்கம் வாழைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தொழிலாளி நம் தோழரிடம் நேருக்கு நேர் கேட்டார்: “சீட்டு வாங்காதேன்னு எங்ககிட்ட சொல்லுதிய அண்ணாச்சி, கேரளாவுல லாட்டரி ஆரம்பிச்சதே ஒங்க ஆளுங்கதானே?”

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஆமாம். 1967-ல் தோழர் இ.எம்.எஸ். முதல் மந்திரியாக இருந்த ஐக்கிய முன்னணி சர்க்கார்தான் ஆரம்பித்தது. 1968 ஜனவரி 26-ல் முதல் குலுக்கல். சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு ஐம்பதாயிரம். நிதி மந்திரி பி.கே. குஞ்ஞு சோஷலிஸ்ட் கட்சிக்காரர், நம் கட்சி அல்ல என்று தப்பித்துக்கொள்ளலாம். அந்தச் சாக்கை நாம் சொல்லப்போவதில்லை. தனியார் லாட்டரிக்காரர்கள் கொள்ளையடிப்பதை ஒழித்து சர்க்கார் கையில் எடுத்தார்கள் என்பது உண்மை. சீட்டு விற்று வாழும் ஊனமுற்றவர்களும் முதியவர்களும் அங்கே ஏராளம், அவர்களுக்கு நலநிதி வாரியமும் உண்டு. காருண்யா திட்டத்தில் ஏழைகளின் வைத்தியத்துக்கு அந்தப் பணம் போயிற்று. மாநிலங்களின் வரிபோடும் அதிகாரத்தில் பெரும் பங்கை 2017-ல் சரக்கு சேவை வரி பிடுங்கிக்கொண்டதும் உண்மை.

எல்லாம் சரி. ஆனாலும் சர்க்கார் கை உருட்டினால் கட்டை வேறு விதமாக விழுமா? ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டுமென்றால் எஸ்டேட்காரனிடமும் நகைமாளிகைக்காரனிடமும் வாங்க வேண்டும். நோயாளியின் தம்பியிடம் ஐம்பது ரூபாய்ச் சீட்டை விற்று அண்ணனுக்கு மருந்து வாங்கக்கூடாது. இது நம் அபிப்பிராயம். கேரளத் தோழர்களிடமும் இதைச் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் டில்லிக்கும் பங்கு இருக்கிறது. 2025 செப்டம்பரிலிருந்து லாட்டரிக்கு 40 சதவிகித வரி.

நம் பக்கத்திலும் யோக்கியதை ஒன்றும் அதிகமில்லை. 1968-ல் தி.மு.க. சர்க்கார் பரிசுச்சீட்டு ஆரம்பித்தது, 1975-ல் நிறுத்தியது. பின்பு மறுபடி வந்து, மூலைக்கு மூலை கடை போட்டு, 2003 ஜனவரியில்தான் எல்லா லாட்டரிக்கும் தடை வந்தது. ஆனால் செங்கோட்டை தாண்டிப் புளியரை, அதற்கப்பால் ஆரியங்காவு. குற்றாலத்துக்குச் சீஸனில் குளிக்க வருகிறவர்களே ஒரு எட்டுப் போய்ச் சீட்டு வாங்கி வருகிறார்கள். (1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது. அப்போது எல்லை வேறு இடத்தில்.) 2023-ல் ஓணம் பம்பர் 25 கோடி ரூபாய் திருப்பூர்க்காரர்கள் நாலு பேருக்கு விழுந்ததும் தமிழ்நாடு முழுதும் அதே பேச்சு. அந்தக் குலுக்கலில் விற்றவை 75 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள், ஒவ்வொன்றும் 500 ரூபாய். முதல் பரிசு ஒன்று. திருச்செந்தூர் ரோட்டில் ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் தாழிக்குள் கிடக்கிறானே, மூவாயிரம் வருஷத்துக்கு முந்திய மனிதன், அவன் காலத்திலிருந்து தினம் ஒரு சீட்டு வாங்கி வந்திருந்தாலும் இன்றுவரை 75 லட்சத்தில் ஏழில் ஒரு பங்குதான் வாங்கியிருப்பான்.

இதைவிடக் கொடியது மூணு நம்பர். சீட்டே கிடையாது. கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணைச் சொல்லித் துண்டுக் காகிதத்தில் பணம் கட்டுவது. ஆயிரத்தில் ஒருவனுக்கு விழும். ஆயிரம் பேர் ஐம்பது ரூபாய் கட்டினால் ஐம்பதாயிரம் சேருகிறது. விழுந்தவனுக்கு இருபத்தையாயிரம் கொடுத்தால்கூட மீதிப் பாதி கொள்ளைக்காரனுக்கு. லங்கர் கட்டைக்காரன் நூற்றுக்கு எட்டோடு நிற்கிறான், இவனுக்கு நூற்றுக்கு ஐம்பது! 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி இதில் கடன்பட்டு, மனைவியையும் மூன்று பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு உயிரை விட்டார். போலீஸ் துண்டுச்சீட்டு எழுதுகிற பையனைப் பிடிக்கிறது. அவனிடம் பணம் வசூலிக்கிறவன் யார், அவனுக்கு மேலே யார் என்று ஏறிப் போவதே இல்லை.

தொழிலாளி புத்தி கெட்டு ஆடுகிறான் என்று உபதேசம் செய்வது நம் வேலை அல்ல. பெண்ணுக்குக் கல்யாணம் பேச மூன்று லட்சம் வேண்டும். காண்டிராக்ட் கூலியில் மிச்சம் பிடித்தால் பேத்தி கல்யாணத்துக்குத்தான் சேரும். அந்த இடத்தில்தான் ஐம்பது ரூபாய்ச் சீட்டுக்காரன் வந்து நிற்கிறான். ஆகவே சங்கங்கள் இரண்டு காரியத்தை உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். மில் வாசலிலும் களத்து மேட்டிலும் மூணு நம்பர் வசூல் செய்கிறவர்களின் மேல்கைகளைப் பிடிக்கும்படி ஜில்லா போலீஸுக்கு மனுக் கொடுக்க வேண்டும். சிக்கனக் கடன் சொஸைட்டி இல்லாத இடங்களில் அதை ஆரம்பிக்க வேண்டும், செத்துக் கிடப்பதை உயிர்ப்பிக்க வேண்டும்.

மூன்றாவது காரியம் வாலிபர்களுக்கு. கந்த சஷ்டிக் கூட்டம் வருவதற்குள் தச்சரிடம் சொல்லி ஆறு முகக் கட்டை மூன்று செய்து, துணியில் ஆறு கட்டம் வரைந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உட்கார வேண்டியது. காசு கூடாது. ஆளுக்கு ஒரு கைப்பிடி புளியங்கொட்டை கொடுத்து ஒரு மணி நேரம் உருட்டச் சொல்லுங்கள். கொட்டையெல்லாம் கடைசியில் யார் பக்கம் குவிகிறது என்று ஜனங்களே எண்ணிக்கொள்ளட்டும்.