வயதா, ஓடிய தூரமா?



பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க விரும்பும் ஒருவர்முன் இரண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டிகள் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு வயது 20. ஓடியதோ 15,000 கிலோமீட்டர் மட்டுமே. மற்றதற்கு வயது 8; ஓடியது 1,20,000 கிலோமீட்டர். எதைத் தெரிந்துகொள்வது?

குறைவாக ஓடியதே சிறந்தது என்று பலர் நினைப்பர். ஆனால் ஓடாத வண்டியும் மூப்படையும். டயரும் ரப்பர் குழாய்களும் நின்ற இடத்திலேயே வெடிப்புறும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். தேங்கிய பெட்ரோல் கெடும். அதற்காக, அதிகம் ஓடியதெல்லாம் நல்ல வண்டியும் ஆகிவிடாது. உரிய காலத்தில் ஆயில் மாற்றி, பழுது நீக்கியதற்குப் பதிவு உண்டா என்பதே முதற்கேள்வி. உண்டெனில், நான் ஓடிய வண்டியையே தெரிந்துகொள்வேன்.

ஆதியாகமம் 5-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மெத்தூசலா 969 ஆண்டுகள் வாழ்ந்தான். பிள்ளைகளைப் பெற்றான், மரித்தான் என்பதற்குமேல் அவனைக் குறித்து அங்கே ஒன்றுமில்லை. அவன் தகப்பனாகிய ஏனோக்கு பூமியில் இருந்தது 365 ஆண்டுகளே; ஆயினும் அவன் தேவனோடு நடந்தவன்.

பிரியமானவர்களே, வயதாயிற்று என்று ஊழியத்தைவிட்டு ஒதுங்குகிறோமா? அல்லது ஜெபத்திற்கு நேரமின்றி ஊழியத்திலேயே ஓடுகிறோமா? ஒதுங்கிய ஆத்துமா துருப்பிடிக்கும். ஜெபமின்றி ஓடும் ஆத்துமா தேய்ந்துபோகும். நீங்கள் கைவிட்ட ஒரு பணியை இந்த வாரம் மறுபடியும் தொடங்குங்கள். அதற்குமுன் சற்றுநேரம் தேவசமுகத்தில் காத்திருங்கள்.

கர்த்தர்தாமே உங்களோடு நடப்பாராக. ஆமென்.