பார்க்கச் சொன்னான், கட்டிவைக்கச் சொல்லவில்லை



கோடை விடுமுறை முடிந்து மத்ரஸா திறந்ததும் மாணவர்கள் தம் பயணக் கதைகளோடு வந்து சேர்கிறார்கள். இம்முறை பலர் மலேசியாவுக்குச் சென்று வந்திருந்தனர். அவர்கள் காட்டிய படங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. தோளில் ஒரு பஞ்சவர்ணக் கிளி, முன்கையில் ஓர் இருவாச்சி, நடுவில் சிரிக்கும் பிள்ளை. ஒரு சிறுவனிடம் கேட்டேன்: "இது பறப்பதைப் பார்த்தாயா?" அவன் சொன்னான்: "இல்லை உஸ்தாத், காலில் சங்கிலி போட்டிருந்தார்கள்."

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அதே தவறை நானும் செய்திருக்கிறேன். ஒரு சுற்றுலா இடத்தில், நண்பகல் வெயிலில், வாய் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பறவையை என் மகளின் தோளில் அமர்த்துவதற்குப் பணம் கொடுத்தேன். அது சிறகடித்தபோதெல்லாம் பணியாளர் கயிற்றைச் சுண்டி இழுத்தார். திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "அத்தா, அது எப்போ வீட்டுக்குப் போகும்?" ஓதிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை.

இவ்விஷயத்தில் நம் சமுதாயத்தில் இரு சாரார் இருக்கின்றனர். இரு சாராரும் தவறு செய்கின்றனர் என்பதே என் கருத்து.

முதல் சாரார், ஹஜ்ஜும் உம்ராவும் அல்லாத வெளிநாட்டுப் பயணம் வீண் என்றும், பறவை பார்த்தல் வேலையற்றோர் பொழுதுபோக்கு என்றும் சொல்கின்றனர். அவர்களிடம் பணிவோடு கேட்கிறேன்: பூமியில் பயணம் செய்து படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று பார்க்குமாறு அல்அன்கபூத் அத்தியாயத்தின் 20ஆம் வசனம் ஏவவில்லையா? பறவைகளை நோக்குமாறு அல்முல்க் 19, அந்நஹ்ல் 79, அந்நூர் 41 ஆகிய மூன்று வசனங்களும் நம் பார்வையைத் திருப்பவில்லையா? அல்லாஹ் அத்தாட்சி என்று காட்டியதைச் சென்று பார்ப்பது எப்படி வீணாகும்?

இரண்டாம் சாரார், "நாங்களும் பறவைகளைத்தானே பார்க்கிறோம்?" என்று கேட்கின்றனர். அதே மூன்று வசனங்களை அவர்கள் மீண்டும் ஓதிப் பார்க்கட்டும். ஒன்றில் பறவை சிறகை விரிப்பதும் மடக்குவதும் பேசப்படுகிறது. ஒன்றில் அது ஆகாய வெளியில் வசப்படுத்தப்பட்டிருப்பது பேசப்படுகிறது. ஒன்றில் அது சிறகு விரித்த நிலையில் தஸ்பீஹ் செய்வது பேசப்படுகிறது. மூன்றிலும் பறவை பறந்துகொண்டிருக்கிறது. அத்தாட்சி அந்தப் பறத்தலில்தான் இருக்கிறது. அதைச் சங்கிலியிட்டு நிறுத்திய பிறகு நாம் பார்ப்பது எதை?

"நபியவர்கள் காலத்தில் சிறுவர் அபூ உமைர் ஒரு குருவியை வைத்திருந்தாரே?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். தீனியும் நீரும் கொடுத்துத் துன்புறுத்தாமல் பறவை வளர்ப்பதை அறிஞர்கள் பலர் அனுமதித்துள்ளனர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பூனையைப் பட்டினி போட்டு அடைத்துவைத்த பெண் தண்டிக்கப்பட்ட செய்தியும் ஸஹீஹான ஹதீஸ்தான். அனுமதி வளர்ப்பதற்குத்தானே தவிர வதைப்பதற்கு அல்ல. நாளெல்லாம் நூறு தோள்களுக்கு மாற்றப்படும் பறவையை எந்த வகையில் சேர்ப்பீர்கள்?

அபூதாவூதில் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சி பயணத்தில் நடந்தது என்பதைச் சுற்றுலா செல்வோர் கவனிக்க வேண்டும். வழியில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டனர். தாய்ப்பறவை வந்து தவித்துச் சிறகடித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இதன் குஞ்சுகளை எடுத்து இதைத் துன்புறுத்தியது யார் என்று விசாரித்து, அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டார்கள். பயணத்தில் இருந்த தலைவருக்கு ஒரு குருவியின் தவிப்பு கண்ணில் பட்டது. விடுமுறையில் செல்லும் நமக்கு ஏன் படவில்லை?

மலேசியாவில் பார்ப்பதற்கு என்ன குறை? பகாங் மாநிலத்தின் பிரேசர் மலையில் விடியற்காலையில் பலவகைக் காட்டுப் பறவைகள் ஒன்றாகக் கூடி இரை தேடும். கோலசிலாங்கூரின் அலையாத்திக் காட்டோரச் சேற்றில் வலசை வரும் கரைப்பறவைகள் இறங்கும். பேராக்கின் பெலும் தெமெங்கோர் காடுகளில் அந்நாட்டின் 10 வகை இருவாச்சிகளும் வாழ்கின்றன. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். சிறு பிளவு மட்டுமே மிஞ்சும். ஆண் பறவை பல வாரங்கள் அத்திப்பழம் சுமந்து வந்து அப்பிளவு வழியே ஊட்டும். அந்த ஆண் வலையில் சிக்கினால் உள்ளே இருக்கும் தாயும் குஞ்சும் பட்டினியில் வாடும். குடும்பப் பொறுப்பை நம் பிள்ளைகளுக்கு உணர்த்த இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுமா? நம் ஆனைமலையில் வாழும் பெரிய இருவாச்சியும் இதே இனம்தான். பொருள் வசதி இல்லாதோர் வால்பாறைக்குச் சென்றாலே போதும். வட்டிக்குக் கடன் வாங்கி விமானம் ஏறுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேலானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பறவை பார்க்கச் செல்பவர் வைகறை இருட்டிலேயே எழுந்தாக வேண்டும். நம் குடும்பங்களோ நள்ளிரவு வரை கடைவீதியில் அலைந்துவிட்டு ஃபஜ்ரை உறக்கத்தில் தொலைக்கின்றன. நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் சுராவ் எனும் தொழுமிடம் உள்ள நாடு அது. பயணிக்குச் சுருக்கித் தொழும் சலுகையும் உண்டு. பிறகு என்ன சாக்கு?

ஆகவே பெற்றோர்களே, பயணம் செல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஓர் இருநோக்கி வாங்கிக் கொடுங்கள். பறவைகளின் இருப்பிடம் அறிந்த உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துங்கள். கூட்டை நெருங்காதீர்கள். பறவையை ஏமாற்றி வரவழைக்க அதன் குரலை ஒலிபரப்பாதீர்கள். கட்டிவைத்த பறவையோடு படம் எடுக்க ஒரு காசும் கொடுக்காதீர்கள். நாம் கொடுக்கும் காசுதான் அந்தச் சங்கிலியை வாங்குகிறது.

பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் 38 அறிவிக்கிறது. இன்னொரு சமுதாயத்தின் வீட்டுக்குச் செல்லும் விருந்தாளியின் அடக்கத்தோடு நாம் செல்வோம். என் மகளின் கேள்விக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில் இதுதான்.

படைப்புகளைக் கண்டு படைத்தவனை அறியும் பார்வையை அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.