குடியிருக்கும் வீட்டையே வாங்க முடியுமா? வாரிய வீட்டுக்கு வழி உண்டு, தாப்பாத்தி முகாமுக்கு?

அரசு கட்டிக்கொடுத்த வீட்டில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறீர்கள். அந்த வீட்டை உங்கள் பெயருக்கே எழுதி வாங்க முடியுமா? தமிழ்நாட்டில் வாரியக் குடியிருப்பில் இருக்கும் ஒருவருக்குப் பதில் பெரும்பாலும் 'முடியும்' என்பதுதான். அலையவிடுவார்கள், வருஷக்கணக்கில் இழுக்கும், ஆனாலும் வழி இருக்கிறது. எட்டயபுரத்துக்குப் பக்கத்தில், தாப்பாத்தியில் இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இதே கேள்வியைக் கேட்டால் கதை வேறு. அங்கே கையில் பணம் இருந்தாலும் வாங்க முடியாது.

வழி இருக்கும் இடத்தை முதலில் பார்த்துவிடலாம். 1970-ல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-ல் 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாறியது. ஒதுக்கீட்டு ஆணை, மாதத் தவணை, முழுத் தொகையும் கட்டி முடித்தபின் கிரயப் பத்திரம் என்பது அதன் தவணை முறை விற்பனையின் சுருக்கம். 1977-ல் உலக வங்கிக் கடனில் வந்த சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம் போன்ற இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் கொடுத்து, மிச்ச வீட்டை மக்களே கட்டிக்கொள்ளவிட்டதும் இதே தவணை ஏற்பாட்டில்தான்.

சிக்கல் எங்கே? கட்டடம் வாரியத்துடையது, ஆனால் நிலம் பல இடங்களில் வேறொரு துறையின் பெயரில் இருக்கும். நிலம் கைமாறாமல் வாரியத்தால் பத்திரம் எழுதித் தர முடியாது. கடைசித் தவணையையும் கட்டிவிட்டு ரசீதை பீரோவில் பூட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பத்திரம் கிடைத்தாலும் கதை முடிவதில்லை. 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். அடுக்குமாடியில் 'சொந்தம்' என்றால் ரிப்பேர் செலவும் சொந்தம்தானே? அதை வாங்குபவரிடம் யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

வெளிநாடுகளில் எப்படி? பிரிட்டனில் 1980-ம் வருஷத்து வீட்டுவசதிச் சட்டம், உள்ளாட்சி வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்குப் பெரிய தள்ளுபடியில் வாங்கும் உரிமையைக் கொடுத்தது. லட்சக்கணக்கான குடும்பங்கள் வாங்கின. விற்ற அளவுக்குப் புதிதாகக் கட்டவில்லை. விற்ற வீடுகளில் கணிசமானவை பிறகு தனியார் வாடகைக்குப் போய்விட்டன. ஸ்காட்லாந்து 2016-லும் வேல்ஸ் 2019-லும் இந்த உரிமையையே நிறுத்திவிட்டன. சிங்கப்பூர் வேறு ரூட். அங்கே 1964 முதல் அரசு வீடுகள் விற்கப்படுகின்றன, ஆனால் 99 வருஷக் குத்தகைக்கு. சட்டப்படி பார்த்தால் நிலம் அரசுடையது. ஆனாலும் அங்கே போய் செட்டிலான நம்ம சொந்தக்காரர்கள் யாரைக் கேட்டாலும் 'சொந்த வீடு' என்றுதான் சொல்வார்கள். நாளைக்கு யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டார்கள், பிள்ளைகளுக்குப் போகும் என்ற நிச்சயம் இருக்கிறதே, அது போதும்.

அந்த நிச்சயம்தான் தாப்பாத்தியில் இல்லாத பொருள்.

1983-ல் தொடங்கிய வருகை அலை அலையாகத் தொடர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் 100-க்கும் மேற்பட்ட முகாம்கள். பெயின்ட் வேலைக்கும் கூலி வேலைக்கும் போய்ப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய தலைமுறை ஒன்று, பத்துக்குப் பத்து அறையிலேயே தாத்தா பாட்டி ஆகிவிட்டது. 2021-ல் தமிழக அரசு 7,469 புதிய வீடுகளை 231.54 கோடி ரூபாயில் கட்டுவதாக அறிவித்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வீடுகளில் இருப்பவர்களுக்குக் கிரயப் பத்திரமும் இல்லை, தவணை கட்டி வாங்கும் திட்டமும் இல்லை. பத்திரம் இல்லாததால் வீட்டுக்கடனும் இல்லை.

மாநில அரசு மனது வைத்தால் எழுதிக் கொடுக்க முடியாதா? முடியாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் விதிகள் குறுக்கே நிற்கின்றன. இலங்கைக் குடிமக்கள், இந்தியாவிலேயே வசித்தாலும், ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இங்கே அசையாச் சொத்து வாங்க முடியாது. ஐந்து வருஷத்துக்கு மேற்படாத குத்தகை மட்டும்தான் விதிவிலக்கு. சிங்கப்பூரில் 99, இங்கே 5!

இதே விதிகளுக்குள் இன்னொரு பிரிவும் இருக்கிறது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவ சிறுபான்மையினர் நீண்டகால விசாவில் இங்கே இருந்தால், தாங்களே குடியிருக்க ஒரு வீடு வாங்கிக்கொள்ளலாம். அதாவது, குடியுரிமை வருவதற்கு முன்பே ஒருவருக்குக் கூரையைச் சொந்தமாக்கலாம் என்பதை மத்திய அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அதே மூன்று நாடுகள்தான்.

குடியுரிமைச் சட்டம் ஒரே வீட்டுக்குள்ளேயே கோடு போடுகிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்திருந்தால் அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அப்படியானால் 1986-ல் முகாமில் பிறந்த அக்கா இந்தியர். 1988-ல் அதே முகாமில் பிறந்த தம்பி இந்தியர் இல்லை. அக்கா நாளைக்கே எட்டயபுரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் ஒரு சென்ட் நிலம் பதிவு செய்யலாம். தம்பியால் முடியாது.

'நம்ம ஊர்க்காரனுக்கே பட்டா கிடைக்கல, இதுல இவங்களுக்கா?' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. வாரியக் குடியிருப்பில் முழுப் பணமும் கட்டியவருக்குப் பத்திரம் தராதது அநியாயம்தான். ஆனால் அது அரசுத் துறைகளுக்குள் ஃபைல் நகராததால் வந்த பிரச்சினை; முகாமுக்காரர் அதில் குறுக்கே நிற்கவில்லை. இன்னொரு கேள்வி, 'ஊருக்குத் திரும்பிப் போக நினைப்பவர்களை இங்கே கட்டிப்போட்டுவிடாதா?' வீடு வாங்கும் உரிமை என்பது வாங்கியே தீர வேண்டிய கட்டாயம் இல்லையே. போகிறவர் போகலாம்.

2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. அதாவது, இவர்களை ஜெயிலில் போட மாட்டோம் என்கிறது. அடுத்த படி இதைவிடப் பெரியதல்ல. அதே பதிவுப் பட்டியலில் இருப்பவர்களுக்கு உள்துறை நீண்டகால விசா கொடுக்க வேண்டும். நிதி அமைச்சகம் அந்த ஒரு வீட்டுப் பிரிவில் இலங்கையின் பெயரைச் சேர்க்க வேண்டும். விதிகளைத் திருத்த அறிவிக்கை போதும், புதிதாகச் சட்டம் இயற்றத் தேவையில்லை. பிரிட்டன் பட்ட பாடு நமக்கு வராமலிருக்க, இத்தனை வருஷம் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவிடலாம்.

டெல்லி நகரும்வரை சென்னை சும்மா இருக்க வேண்டியதில்லை. குடும்பத் தலைவர் இறந்தால் வீடு யாருக்கு, திருமணமாகிப் போகும் மகளின் நிலை என்ன, வேலைக்காக ஆறு மாதம் வெளியூர் போனால் ஒதுக்கீடு ரத்தாகுமா? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் சொல்லும் அரசாணை ஒன்று போட்டு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் ஒதுக்கீட்டு ஆணை கொடுக்கலாம். அதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டாம்.