தைத்தவள் ஏறாத கப்பல்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஊர்ப் பெயர்களைப் பாடமாக்க ஜோலார்பேட்டைச் சந்திப்பைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை. சேலம், கோவை, பெங்களூர், மங்களூர், திருவனந்தபுரம் என்று ஒலிபெருக்கி இரவும் பகலும் அழைத்துக்கொண்டே இருக்கிறது. 1864-ஆம் ஆண்டில் பெங்களூர் செல்லும் பாதை இங்கிருந்து பிரிந்த நாள் தொட்டு, வழியனுப்புவதே நம் ஊரின் தொழிலாகிவிட்டது. வண்டியின் பெயரைச் சொன்னால் அது எந்த மேடையில் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நண்பர்கள் நம் வகுப்பிலேயே பலர் உண்டு. ஆனால் அவர்களுள் ஊர் பார்ப்பதற்கென்றே வண்டி ஏறியவர் எத்தனை பேர்? கல்யாணத்துக்கும் கருமாதிக்கும், வேலைத் தேர்வுக்கும், வேலூர் ஆஸ்பத்திரிக்கும் ஏறியிருப்போம். அவ்வளவுதான்.

நம்மைக் காட்டிலும் நம் வட்டாரத்துத் தோல் அதிகம் பயணம் செய்திருக்கிறது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் உருவாகும் காலணிகள் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறுகின்றன. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி, நாள் முழுதும் அப்பர் தைத்து, இருட்டிய பின் வந்து இறங்கும் பெண்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். என் அக்காவும் அவர்களுள் ஒருத்தி. தான் தைத்தது எந்த நாட்டுக்குப் போகிறது என்பது அவளுக்குத் தெரியும். “அந்த ஊர் எப்படிக்கா இருக்கும்?” என்று ஒருமுறை கேட்டேன். “அதெல்லாம் நமக்கு எதுக்குடி?” என்றாள். மாமாவும் அவளும் சேர்ந்து போன மிகத் தொலைவான ஊர் திருப்பதி.

கணவனும் மனைவியுமாக வெளிநாடு சென்று சுற்றிப் பார்ப்பது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்பதுதான் நம்மவர் எண்ணம். இந்த எண்ணத்தைப் பொய்யாக்கியவர்கள் கொச்சி கடவந்திராவில் தேநீர்க்கடை நடத்திய விஜயனும் அவர் துணைவியார் மோகனாவும். கடைக்குப் பெயர் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ். வேலைக்கு ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டுமே என்று எல்லா வேலையையும் இருவருமே பார்த்தனர். நாளொன்றுக்கு 300 ரூபாயைத் தனியே எடுத்து வைத்தனர். அதுவும் போதாமல் கடன் வாங்கினர். போய் வந்தபின் மூன்றாண்டுக் காலம் தேநீர் ஆற்றியே அக்கடனை அடைத்தனர். அடைத்ததும் அடுத்த நாட்டுக்குக் கடன்! 2007-இல் வெளிநாட்டுப் பயணத்தைத் தொடங்கியபோது விஜயன் ஐம்பதைக் கடந்திருந்தார். சென்ற நாடுகளின் படங்கள் கடைச் சுவரில் தொங்கின. செய்தி பரவியபின் உதவிகளும் வந்தன. 2019-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பயணச் செலவைத் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா ஏற்றார். 2021 அக்டோபரில் இருவரும் ரஷ்யா சென்று திரும்பினர். அது அவர்களுக்கு 26-ஆவது நாடு. அடுத்த மாதமே விஜயன் காலமானார்.

இந்தக் கதையைச் சொன்னால் நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். “ஊர் சுத்தறதுக்குப் போய் எவனாவது கடன் வாங்குவானா?” என்பார்கள். அவர்களை நான் பணிவோடு ஒன்று கேட்கிறேன். மண்டபத்துக்கும் மேளத்துக்கும், சீர்வரிசைக்கும் சாப்பாட்டுக்கும், வாசலில் வைக்கும் மின்விளக்குத் தோரணத்துக்கும் நாம் வாங்காத கடனா? ஒரே நாளில் தீர்ந்துபோகும் அந்த விருந்துக்கு வாங்கிய கடனை வட்டியோடு பத்தாண்டு கட்டும் குடும்பங்களை நாம் அறியோமா? அதற்கு மானம் என்று பெயர். இதற்கு மட்டும் மதியீனம் என்று பெயர். கல்யாணக் கடனாவது மொய்யாகத் திரும்பி வருமே என்று ஒரு நண்பர் வாதாடினார். மொய்யும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தான் என்பது அவர் வீட்டு மொய் நோட்டைப் புரட்டினால் தெரியும்.

“பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடல் கடப்பது நம் மரபா?” என்று கேட்போரும் உண்டு. தமிழ்த் துறைப் பேராசிரியப் பெருமக்கள் நினைவுகூர்வார்கள்: கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்ற கருத்தில் தொல்காப்பியத்து அகத்திணையியலில் ஒரு நூற்பா உண்டு. அதிலுள்ள முந்நீர் என்ற சொல்லுக்கு உரையாசிரியர்கள் வேறு வேறு பொருள் காண்பர். அந்த வழக்கை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். வரலாறு படிக்கும் எனக்குத் தெரிந்தது வேறொன்று. 1860-இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது. அக்கப்பலிலும் பின் சென்ற கப்பல்களிலும் பெண்கள் இருந்தனர். நூறு ஆண்களுக்கு இத்தனை பெண்கள் ஏற்றப்பட வேண்டும் என்று கணக்கே வைத்திருந்தனர் வெள்ளையர். அப்படிப் போனவர்களில் பெருந்தொகையினர் நம் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தார். கரும்பு வெட்டப் பெண் கடல் கடந்தபோது எந்த மரபும் குறுக்கே வந்து நிற்கவில்லை. அவள் கடலையும் கரையையும் கண்ணாரப் பார்த்துவரப் புறப்பட்டால் மட்டும் ஏட்டைப் புரட்டுகிறோம்!

கொச்சித் தம்பதியர் பெரும்பாலும் சுற்றுலாக் குழுக்களோடு சேர்ந்து சென்றவர்கள். அவர்கள் வயதுக்கு அது பொருத்தம். இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு அது வேண்டியதில்லை. முதுகில் ஆளுக்கொரு பை, இரண்டு மாற்றுடை, மலிவான விடுதி, உள்ளூர்ப் பேருந்து போதும். இருவராகப் போவதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஒருவர் பையைப் பார்த்துக்கொண்டால் மற்றவர் பயணச்சீட்டு எடுத்து வரலாம்.

ஆனால் ஒரு பொருளை மட்டும் அந்தப் பையில் வைக்கக் கூடாது என்பேன். அதுதான் புளிக்காய்ச்சல் பாட்டில். நம்மவர் காசிக்குப் போனாலும் அடுப்பைத் தூக்கிச் செல்கின்றனர். ஆண்கள் கோயிலையும் கடைவீதியையும் சுற்றி வர, சத்திரத்து மூலையில் அமர்ந்து அரிசி களைவது யார்? வீட்டில் இருந்த அடுப்படி காசிக்கு இடம் மாறியதன்றி அந்தப் பெண் கண்டது என்ன? உள்ளூர் உணவை உண்ண வேண்டும் என்று நான் வற்புறுத்துவது நாக்கின் சுவைக்காக மட்டும் அன்று. தான் சமைக்காத சோற்றை, தான் கழுவாத தட்டில், ஒரு வாரம் தொடர்ந்து உண்ணும் வாய்ப்பு நம் வீட்டுப் பெண்களுக்கு வேறு எப்போது கிடைக்கிறது? பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போது கிடைக்கலாம்; அப்போது பத்தியச் சோறு!

புலால் உண்ணாதவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். 1888-இல் இலண்டன் சென்ற காந்தியடிகள் சைவ உணவுச்சாலை தேடி நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்ததையும், பாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டு மகிழ்ந்ததையும் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பசிதான் அவருக்கு அந்நகரத்தைச் சுற்றிக் காட்டியது. புலால் உண்பவர்க்கோ கவலையே இல்லை. பினாங்கில் நாசி கண்டார் என்றொரு உணவு உண்டு. தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் தோளில் காவடிபோலத் தூக்கிச் சென்று விற்றதால் வந்த பெயர் அது. டர்பன் நகரில் ரொட்டியின் நடுவைக் குடைந்து, குழியில் இறைச்சிக் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். பன்னி சவ் என்பது அதன் பெயர். அங்கே குடியேறிய இந்தியர் ஆக்கிய உணவு. சீரகச் சம்பா பிரியாணிக்குக் கத்தரிக்காய்த் தொக்கு ஊற்றிக்கொள்ளும் ஆம்பூர்க்காரருக்கு அதை உண்ணக் கற்றுத்தர வேண்டுமா என்ன?

“முதலில் ஏலகிரியைப் பார்த்தாயா?” என்று ஒரு விரிவுரையாளர் என்னை மடக்கினார். பார்த்திருக்கிறேன், ஐயா. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்களும் வள்ளல்களுமாகப் பெயர் சூட்டியிருப்பதையும் படித்திருக்கிறேன். ஆனால் மலை ஏறி முடித்தவர்தான் வெளிநாடு போகலாம் என்று ஒரு விதி செய்தால், அந்த விதி பெண்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும் என்று அஞ்சுகிறேன். வளைகுடாவுக்கு வேலைக்குப் புறப்படும் இளைஞனை யாரும் ஏலகிரி பார்த்தாயா என்று கேட்பதில்லை.

ஆதலின், இவ்வாண்டு கல்லூரியை விட்டு வெளியேறும் தோழியருக்கு ஒன்று சொல்வேன். கல்யாணப் பத்திரிகை அச்சாகும் முன்பே உங்கள் பெயரில் கடவுச்சீட்டு எடுத்துவிடுங்கள். பிறகென்றால் பெயர் மாற்றம், முகவரி மாற்றம், மாமியார் சம்மதம் என்று மூன்று விண்ணப்பம் போட வேண்டிவரும். நண்பர்களே, நீங்கள் மண்டபத்தில் ஒரு வரிசை விளக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயணத்துக்குத் தொலைதூரம் வேண்டாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, எழும்பூரில் எடுத்த ஒரே சீட்டில் இரயிலும் கப்பலுமாகக் கொழும்பு வரை போக முடிந்தது. பல்லாண்டு இடைவெளிக்குப் பின், 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. கடலில் நான்கு மணி நேரம்தான். நாம் இங்கிருந்து வண்டி மாறி மாறி நாகப்பட்டினம் போய்ச் சேர ஆகும் நேரம் அதைவிட அதிகம். இறங்கினால் காதில் விழுவது தமிழ். ஆனால் நம் தமிழ் அன்று. நல்லூர்க் கோயில் பார்க்கலாம். 1981-இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்து நிற்கும் நூலகத்தைப் பார்க்கலாம். காலையில் பிட்டும் சொதியும். ஒருவேளையாவது ஒடியல் கூழ் குடிக்க வேண்டும். பனங்கிழங்கு மாவில் மீனும் இறாலும் நண்டும் போட்டுக் காய்ச்சி, பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் ஊற்றுவார்கள். ஒரு சட்டியைச் சுற்றி எல்லோரும் கூடி உட்கார்ந்து குடிப்பது அதன் வழக்கம்.