பட்டர் ஃப்ரூட்டும் அப்பாவின் மாத்திரையும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா அட்டுவம்பட்டி. கொடைக்கானல்ல அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கே, அந்த ஊர்தான். வீட்டுக்குள்ள நுழைஞ்சா ஒரு கூடை நிறைய பட்டர் ஃப்ரூட். கீழ்மலைப் பக்கமிருந்து வரவழைச்சிருக்கார் அப்பா.

"எதுக்குப்பா இவ்வளவு?"

"கொழுப்பு மாத்திரைய நிறுத்திட்டேன்டா. இதுல இருக்கற சத்து கொழுப்ப உடம்புல சேரவே விடாதாம். வாட்ஸப்ல வந்துச்சு."

ரெண்டு வருஷம் முன்னாடி மதுரையில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் சொல்கிற பேச்சா இது? தூக்கிவாரிப் போட்டது. அதைவிடக் கடுப்பு என்னவென்றால், அந்த மெசேஜ் முழுப் பொய் இல்லை. முழுப் பொய்யாக இருந்தால் அஞ்சு நிமிஷத்தில் சண்டை போட்டு முடித்திருப்பேன். இது அரை உண்மை. அதுதான் ஆபத்து.

உண்மை இதுதான். செடிகொடிகளில் ஸ்டீரால் என்று ஒரு சமாச்சாரம் உண்டு. பார்க்க கொலஸ்ட்ராலின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரியே இருக்கும். நம்ம சிறுகுடலில் கொலஸ்ட்ரால் தனியாகப் போய் ஒட்டிக்கொள்ள முடியாது. பித்த உப்புகள் சேர்ந்து செய்யும் மைசெல் என்ற குட்டி உருண்டையில் ஏறித்தான் குடல் சுவருக்குப் போகணும். சீசன் நேரத்து வத்தலக்குண்டு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு கொஞ்சம்தான். ஸ்டீரால் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், கொலஸ்ட்ரால் ஸ்டாண்டிலேயே நின்று, கழிவோடு வெளியே போய்விடும். உட்கார்ந்த ஸ்டீராலையும் குடல் பெரும்பாலும் உள்ளே விடாது, திருப்பித் தள்ளிவிடும்.

இன்னொரு விஷயம். குடலுக்கு வரும் கொலஸ்ட்ராலில் சாப்பாட்டிலிருந்து வருவதைவிட, நம்ம கல்லீரலே பித்தத்தோடு அனுப்புவதுதான் அதிகம். அதனால் சுத்த சைவர்களுக்கும் இந்த வித்தை வேலை செய்யும்.

இது புதுசும் இல்லை. 1950களிலேயே கண்டுபிடித்து மருந்தாகவும் விற்றார்கள். 1995ல் ஃபின்லாந்தில் இதே வகைப் பொருளைக் கலந்த 'பெனிகால்' மார்ஜரின் கடைக்கு வந்தது. ஒரு நாளைக்கு சுமார் 2 கிராம் உள்ளே போனால் எல்.டி.எல். 8 முதல் 10 சதவீதம் வரை குறையும்.

இப்ப பொய்க்கு வருவோம். பொட்டி தட்டுறவன் புத்தி, உடனே கணக்கு போட்டேன். 100 கிராம் பட்டர் ஃப்ரூட்டில் ஸ்டீரால் சுமார் 75 மில்லிகிராம். 2 கிராம் வேணும்னா தினம் சுமார் 2.7 கிலோ சதை! ஒரு பழத்தில் 200 கிராம் என்று வைத்தாலும் 13 பழத்துக்கு மேல். 4,000 கலோரிக்கு மேல். கொலஸ்ட்ரால் குறையுதோ இல்லையோ, அப்பா குண்டாவது நிச்சயம் :-)

அப்படியே 2 கிராம் சாப்பிட்டாலும் 10 சதவீதம்தான். காரணம், குடலில் வரவு குறைந்தால் கல்லீரல் தன் உற்பத்தியைக் கூட்டிக்கொள்ளும். அந்த உற்பத்தியைத் தடுப்பதுதான் அப்பா நிறுத்திய ஸ்டாட்டின் மாத்திரை. ஒன்று வாசலை அடைக்கிறது, இன்னொன்று உலையை அணைக்கிறது. ஒன்றுக்கு ஒன்று துணை, மாற்று கிடையாது. ஸ்டாட்டின் மாரடைப்பைக் குறைக்கும் என்று பெரிய ஆய்வுகள் நிரூபித்திருக்கின்றன. ஸ்டீராலுக்கு அப்படி ஒரு நிரூபணம் இன்னும் இல்லை.

என் கருத்து சிம்பிள். பழம் சாப்பாடு, மாத்திரை மருந்து. இயற்கை என்ற ஒரே காரணத்துக்காக முதலாவதை இரண்டாவதன் சீட்டில் உட்கார வைப்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ அடுத்தவன் உயிரோடு விளையாடுகிறார்கள். ஃபார்வர்ட் பண்ணும் முன் 'எவ்வளவு?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பாதி வதந்தி அங்கேயே செத்துவிடும்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். நம்பவில்லை. கடைசியில் அவர் டாக்டருக்கு போன் போட்டுக் கொடுத்தேன். திட்டு வாங்கிக்கொண்டு அன்று ராத்திரியே மாத்திரையைப் போட்டுக்கொண்டார். கூடவே அரைப் பழமும்.

"பழம் சாப்பிடலாம்ல?"

"தாராளமா சாப்பிடுங்கப்பா. சர்க்கரை மட்டும் போடாதீங்க."

உங்க வீட்டுல யாராவது இப்படி மாத்திரைய நிறுத்தியிருக்காங்களா? எப்படி வழிக்குக் கொண்டு வந்தீங்கன்னு சொல்லிட்டுப் போங்க மக்களே.